"ஸ்டொக் இல்லை" என்றார், 5500ஐத் தலையில் கட்டினார்

திருகோணமலையில் கொம்பியூட்டர் பூட்டக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தம்பி கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறான். கூட்டாளியிடம் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றை மலிவாக வாங்கி வைத்திருந்தான். அதற்கு ஏற்ற மாதிரி மெஷின் பூட்ட வேண்டும். ஒரு கிழமை இருந்து தேடி, கணினிக்கு மூளையாக ஏஎம்டியின் ரைசன் 5 5600 புரொசசரும், அதைப் பூட்டுகிற பி550 மதர்போர்டும் என்று முடிவெடுத்தான். நகரத்தில் ஒரு கடையில் விலை கேட்டோம், கொட்டேஷன் எழுதித் தந்தார்கள், அட்வான்ஸும் கட்டினோம்.

நாலு நாள் கழித்து அழைப்பு வந்தது. "தம்பி, 5600 ஸ்டொக் இல்ல. இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் நடக்கிற போட்டியில கொழும்பிலயே சாமான் பிடிக்க முடியேல்ல. 5000 சீரிஸ்லயே வேற ஒன்டு இருக்கு, ஒரே சாமான்தான், நம்பர் மட்டும்தான் மாறும்."

புரொசசர் விற்கும் இந்த இரண்டு கம்பனிகளுக்கும் போட்டி இருக்கிறது, உண்மைதான். 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வரும்வரை சாதாரண மேசைக் கணினிக்கான இன்டெல் ஐ7 என்றால் நாலு கோர் (புரொசசருக்குள் கணக்குப் போடும் பகுதி)தான். அதே வருடம் ஒக்டோபரில் அது ஆறு கோர் ஆனது. கொரோனா காலத்தில் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்ததும் உண்மை. ஆனால் அப்போது பழகிய "ஸ்டொக் இல்ல" என்ற சொல்லைச் சில கடைகள் இன்னும் விடவில்லை. நானும் தலையாட்டினேன். எனக்கு வேலை அவசரம், தம்பிக்குப் பாடநெறி வேலை அவசரம். விலை குறையுமா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

எடுக்கப் போனபோது எல்லாம் பூட்டி, விசிறியும் மேலே ஏற்றி, பெட்டியையும் மூடி வைத்திருந்தார்கள். புரொசசரின் பெயர் அதன் மேற்புறத்தில்தான் பொறித்திருக்கும். விசிறி ஏறினால் கழற்றாமல் பார்க்க முடியாது. புரொசசர் வந்த பெட்டியைக் கேட்டேன், "அது கொழும்பிலேயே கழற்றிட்டாங்க" என்றார். பில்லில் "ரைசன் 5, 5000 சீரிஸ்" என்று மட்டும் இருந்தது. காசு 5600இன் காசு.

இரவு நிலாவெளியில் தம்பியின் அறையில் மெஷினைப் போட்டு டாஸ்க் மனேஜரைத் திறந்தான். ரைசன் 5 5500.

இது எப்படி ஒரே சாமான்? இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை, இரண்டிலும் 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). கடைக்காரர் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 5600இல் 32 எம்பி, 5500இல் 16 எம்பி. வெளியானபோது ஏஎம்டியே 5600க்கு 199 டொலரும் 5500க்கு 159 டொலரும் விலை வைத்தது. எங்களுக்கு அடி விழுந்தது இன்னோர் இடத்தில். கிராஃபிக்ஸ் கார்டோடு 5600 பிசிஐஇ 4.0 என்ற இணைப்பு வழியில் பேசும், 5500 அதில் பாதி வேகமான பிசிஐஇ 3.0இல்தான். தம்பியின் கார்டில் அந்த இணைப்புக்கு நாலே நாலு லேன் (தரவுப் பாதை)தான் இருக்கிறது, நினைவகமும் 4 ஜிபிதான். நினைவகம் நிரம்பும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் தரவு ஓடி வரவேண்டும். அந்த வழி இப்போது பாதி அகலமாகிவிட்டது. பி450 போர்டை விட்டுக் கூடக் காசு கொடுத்து பி550 எடுத்ததே பிசிஐஇ 4.0க்காகத்தான். புரொசசர் இடம் தராவிட்டால் போர்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் குழப்பத்துக்குக் கம்பனிகளும் பொறுப்பு என்றுதான் சொல்வேன். மடிக்கணினி வாங்குகிறவர்களும் கவனியுங்கள்: ரைசன் 5 7520யு நாலு கோர் கொண்ட, ஸென் 2 என்ற பழைய வடிவமைப்பு, 7530யு ஆறு கோர் கொண்ட ஸென் 3. ஒரு இலக்கம்தான் வித்தியாசம். 2023 டிசம்பரில் இன்டெல் இதைச் சொல்லி ஏஎம்டியைக் கேலி செய்தது. அடுத்த மாதமே தன் பழைய வடிவமைப்புக்கு "கோர் 7 150யு" என்று புதுப் பெயர் வைத்துச் சந்தைக்கு விட்டது. இவர் அவரைக் கள்ளன் என்கிற கதைதான்.

அடுத்த நாள் கடைக்குப் போனோம். முதலில் "ஸ்பீட்ல வித்தியாசம் தெரியாது" என்றார். தம்பி கொட்டேஷனை எடுத்து வைத்ததும் குரல் மாறியது. "பூட்டின சாமான் திருப்பி எடுக்க ஏலாது." கடைசியில் ஒரு மவுஸை எடுத்து மேசையில் வைத்தார், ஈடாம். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

நீங்கள் போனால் பில்லில் முழு நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். "சீரிஸ்" என்று எழுதினால் காசை நீட்டாதீர்கள். கேட்டால் பில் தரவேண்டியது வியாபாரியின் கடமை. விசிறி ஏற்றுவதற்கு முன் புரொசசரின் மேற்புறத்தைப் படம் எடுங்கள். அதற்கு ஒத்துவராவிட்டால், கடையிலேயே மெஷினைப் போட்டு டாஸ்க் மனேஜரில் பெயரையும் எல்3 அளவையும் பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.

எங்களிடம் கொட்டேஷன் கையில் இருந்ததால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தோம். எழுத்தில் தரச் சொன்னார்கள். கொட்டேஷன், பில், டாஸ்க் மனேஜர் படம் மூன்றையும் இணைத்து நேற்றுப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.