உலர்புல்: நீளமாகவா, நறுக்கியா, பெல்லட்டாகவா?

மூன்றையும் என் கறவை மாடுகளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது நறுக்கிய உலர்புல்லில் நிற்கிறேன். பால் எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்திருந்தால் பெல்லட்டை, அதாவது புல்லை அரைத்துச் சிறு உருண்டைகளாக அழுத்தியதை, விட்டிருக்கவே மாட்டேன்.

பெல்லட் இடத்தை அடைக்காது, அள்ளிப் போடுவது சுலபம். அரைத்த புல் வயிற்றை விட்டுச் சீக்கிரம் நகர்ந்துவிடுவதால் மாடும் கூடுதலாகத் தின்னும். எனக்குப் பால் அளவு குறையவில்லை. பாலிலுள்ள கொழுப்புதான் இறங்கிக்கொண்டே வந்தது.

காரணம் அசைபோடுவதில் இருக்கிறது. நார் நீளமாகக் கிடைத்தால் மாடு நாளில் 7, 8 மணி நேரம் அசைபோடும். அப்படி மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் நாளைக்கு 100 லிட்டரைத் தாண்டும். அதிலுள்ள பைகார்பனேட்தான் பெருவயிற்றின் புளிப்பை அடக்கி வைக்கிறது. பெல்லட்டில் மெல்ல என்ன இருக்கிறது? உமிழ்நீர் குறைந்து பிஎச் (இது இறங்கினால் புளிப்பு ஏறுகிறது என்று பொருள்) 6-க்குக் கீழே போனால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும், அவை நாரிலிருந்து உண்டாக்கும் அசிட்டேட் குறையும். மடி பால் கொழுப்பைச் செய்வது பெரும்பாலும் அந்த அசிட்டேட்டை வைத்துத்தான். புளிப்பு நாள்கணக்கில் நீடித்தால் தீவனம் எடுப்பது குறையும், குளம்பும் கெடும்.

அப்படியென்றால் நீளமான புல்லே போதாதா? அசைபோட அதைவிட நல்லது இல்லை. ஆனால் மாடு இழுத்துக் காலடியில் போட்டு மிதிக்கும். இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும். அடர்தீவனத்தோடு கலக்கவும் முடியாது. கறவை வற்றிய மாடுகளுக்கு மட்டும் இன்றும் நீளமாகத்தான் போடுகிறேன்.

3, 4 சென்டிமீட்டருக்கு நறுக்கினால் இந்தத் தொல்லைகள் பெருமளவு குறைகின்றன. அடர்தீவனத்தோடு நன்றாகக் கலக்கும், பொறுக்க இடமில்லை, அசைபோடவும் நார் மிஞ்சும். கத்தி மழுங்க விடாதீர்கள். மழுங்கினால் புல் வெட்டுப்படாமல் நசுங்கி, இலையெல்லாம் தூளாகக் கொட்டிவிடும். அப்புறம் பெல்லட் கதைதான்.

கட்டியாக அழுத்திய உலர்புல்லைச் சில வாரங்கள்தான் கொடுத்தேன். அதில் நார் பெல்லட் அளவுக்குப் பொடியாவதில்லை என்பதைக் கையில் உடைத்துப் பார்த்தேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தீவனத்தை மாற்றினால் முதல் வாரம் படுத்திருக்கும் மாடுகளை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருந்தால் சரி. இல்லையென்றால், கொழுப்பு இறங்கும்வரை காத்திருக்காமல் நீளமான புல்லையும் தீவனத்தில் கொஞ்சம் சேர்த்துவிடுங்கள்.