லேப்ரடார் குட்டி வாங்குகிறீர்களா? ‘டிஎன்ஏ டெஸ்ட் ஆயிடுச்சு’ என்றால் அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

சிஎன்எம் என்ற பரம்பரைத் தசை நோய்க்கு ‘கிளியர்’, அதாவது மரபணுப் பிழை இல்லை, என்று சொல்லி விற்ற லேப்ரடார் குட்டி அது. மூன்றாம் மாதத்தில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தத்தியது, தலை தொங்கியது, எடை ஏறவில்லை. “கால்சியம் கம்மி, டானிக் குடுங்க” என்றே விற்றவர் நாளைக் கடத்தினார். தசை நோய்க்குக் கால்சியம் ஊற்றிப் பயனில்லை. பெரிய ஜாதிக் குட்டிக்கு அது அளவு மீறினால் எலும்பு வளர்ச்சியும் கெடும்.

பிறகுதான் பேப்பரைப் பிரித்துப் பார்த்தார்கள். தகப்பன் நாயின் அறிக்கை மட்டும் இருந்தது, அதுவும் இஐசி டெஸ்ட். இஐசி வேறு நோய்: டிஎன்எம்1 மரபணுவில் வரும் கோளாறு, 5 முதல் 15 நிமிடம் கடுமையாக ஓடினால் பின்னங்கால் துவளும். சிஎன்எம் வருவது பிடிபிஎல்ஏ மரபணுவில். அதே மரபணுவை அறிக்கையில் எச்ஏசிடி1 என்றும் அச்சிட்டிருக்கும். அந்த மரபணுப் பிழை 2005இல் வெளியானது. ஒன்றுக்கு எடுத்த டெஸ்ட் மற்றதற்குச் செல்லாது. கேசிஐ (இந்தியக் கென்னல் கிளப்) சான்றிதழ் வம்சாவளியைத்தான் சொல்லும், நோயைப் பற்றி அல்ல.

“அப்பா அம்மா ரெண்டும் ஜம்முனு ஓடுதே” என்ற பேச்சில்தான் பலர் விழுகிறார்கள். கேரியர், அதாவது பிழையான மரபணு ஒரு பிரதி மட்டும் உள்ள நாய்க்கு நோய் தெரியவே தெரியாது. இரண்டு கேரியர்களை இணை சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீதம் நோய், 50 சதவீதம் கேரியர். கேரியரைக் கிளியரோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. இது தெரிந்தும் டெஸ்ட் எடுக்காமல் குட்டி போட வைப்பதை மன்னிக்கவே முடியாது.

தாய், தகப்பன் இரண்டின் அறிக்கையும் வேண்டும். அதில் உள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண்ணை, உங்கள் கண்ணெதிரே நாயை ஸ்கேன் செய்து ஒத்துப்பாருங்கள். சந்தேகம் இருந்தால் பணம் கொடுக்குமுன் குட்டிக்கே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். கன்னத்துக்குள் ஸ்வாப் தேய்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தாயிடமிருந்தும் மற்றக் குட்டிகளிடமிருந்தும் பிரித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு நாயின் எச்சில் கலந்துவிடும். கால்நடை மருத்துவர் முழங்காலைத் தட்டியும் பார்க்கட்டும்: நோயுள்ள குட்டிக்கு ஒரு மாத வயதிலேயே கால் உதறாது. அது மட்டுமே முடிவல்ல, டெஸ்ட்தான் உறுதி செய்யும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: இதற்கு மருந்து கிடையாது. குளிரும் அலைச்சலும் ஆகாது. சாப்பிட்டதைக் கக்கினால் உணவுக்குழாய் விரிந்திருக்கலாம். முன்னங்காலை உயர்த்தி நிற்கவைத்து ஊட்டுங்கள், உணவு நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதே ஈத்தில் குட்டி வாங்கியவர்களைத் தேடிப்பிடித்து, இணை சேர்க்குமுன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.