மூன்று அக்டோபர் விழாக்கள்: என் ஓட்டு ஜிரார்ட் பூங்காவுக்கே

ஹூஸ்டனில் வசிக்கும் எங்கள் வீட்டில் அக்டோபர் பிறந்தாலே லூசியானா பேச்சுதான். ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே மூன்றரை மணி நேரம் ஓட்டினால் பிரெஞ்சு பேசி வளர்ந்த கேஜன், கிரியோல் மக்களின் நாடு. அந்த ஒரு மாதத்தில் அங்கே ஊருக்கு ஒரு விழா நடக்கும். நான் நேரில் பார்த்தவை மூன்று: லாஃபயெட் நகரின் ஜிரார்ட் பூங்காவில் நடக்கும் 'ஃபெஸ்டிவல் அகாடியன் எ கிரியோல்', கிரௌலி ஊரின் சர்வதேச அரிசி விழா, லாஃபயெட்டிலேயே மாதக் கடைசியை ஒட்டி வரும் பிளாக்பாட் விழா. முதல் விழாவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு முறைதான். தராசு ஒரு பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவுக் கணக்கு சுலபம். ஜிரார்ட் பூங்காவில் நுழைவுக் கட்டணம் கிடையாது. கிரௌலியில் விழா ஊரின் தெருக்களிலேயே நடக்கிறது, சும்மா நடந்து போகலாம். பிளாக்பாட்டுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். வெயில் மூன்றிலும் ஒன்றுதான்.

கிரௌலியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஊர் பிறந்து ஐம்பது ஆண்டு நிறைந்ததையொட்டி 1937-ல் தொடங்கிய விழா அது. 1959-ல் ஜான் கென்னடி, அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஆண்டு, மனைவி ஜாக்குலினுடன் இங்கே வந்தார். ஜாக்குலின் கூட்டத்தைப் பார்த்துப் பிரெஞ்சில் பேசியதை அந்த ஊர் இன்னும் பெருமையாகச் சொல்கிறது. ஊர்வலம், அரிசி ராணி, கையைப் பயன்படுத்தாமல் சோறு தின்னும் போட்டி, அக்கார்டியன் போட்டி, ஃபிடில் போட்டி எல்லாம் உண்டு. எனக்கு விழாவைவிட அதற்குப் போகும் வழி பிடித்திருந்தது. கோடையில் அறுவடை முடிந்த வயல்களில் மறுபடி தண்ணீர் கட்டி 'கிராஃபிஷ்' என்னும் நன்னீர் இறால் வளர்க்கிறார்கள். சாலையின் இருபுறமும் தாளடித் தண்ணீரில் வானம் தெரியும். ஆனால் அந்த இறாலை எதிர்பார்த்து அக்டோபரில் போகாதீர்கள். அதன் பருவம் குளிர்காலத்தில் தொடங்கி கோடை வரும்வரைதான்.

குழந்தைகளுக்கு ராட்டினமும் ஊர்வலமும் வேண்டும் என்றால் கிரௌலியே போதும். நான் போன ஆண்டில் மேடையில் கேஜன் பாட்டும் கேட்டது, வேறு பலவும் கேட்டன. அந்த ஒரு நாளை வைத்து எல்லா ஆண்டும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

பிளாக்பாட் வேறு ரகம். பெயர் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் கறுப்பு வார்ப்பிரும்புச் சட்டியைக் குறிக்கிறது. சமையல் போட்டி உண்டு. வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஏதாவது ஒரு வாத்தியம் இருந்தது. பலர் கூடாரம் போட்டுத் தங்கி, மேடை அணைந்த பிறகு விடிய விடிய வாசிக்கிறார்கள். விழாவின் உயிரே அந்த இரவில்தான் இருக்கிறது என்று அங்கே பழகியவர்கள் சொன்னார்கள். நான் சிறு பெண்ணுடன் போனதால் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டேன். ஆகவே பிளாக்பாட்டைப் பற்றி என் சொல்லைக் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இளைஞராக இருந்து, ஃபிடிலோ கிதாரோ வாசிக்கத் தெரிந்தால், உங்கள் தீர்ப்பு என்னுடையதற்கு நேர்மாறாகக்கூட இருக்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது மேடைக்கு முன்னால் இருக்கும் தரை.

இந்த இசை உட்கார்ந்து கேட்பதற்காகப் பிறந்ததல்ல. 1755-ல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆங்கிலேயர் விரட்டிய அகாடியர்கள், பல இடம் அலைந்து இந்தச் சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் கேஜன்கள். கேஜன் வீட்டு நடனத்துக்கு 'ஃபே டோ டோ' என்று பெயர். நம் 'ஆராரோ' மாதிரி அது குழந்தையைத் தூங்கச் சொல்லும் சொல். பிள்ளைகளைப் பக்கத்து அறையில் தூங்கப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் ஆடுவார்களாம். அதனால் வந்த பெயர் என்கிறார்கள். பிரெஞ்சு பேசும் கறுப்பின கிரியோல் மக்களின் வீட்டு நடனத்தில் வளர்ந்த இசைதான் பிறகு ஸைடிகோ ஆனது. ஓப்லூசாஸ் பகுதியிலிருந்து வந்த கிளிஃப்டன் ஷெனியே அதை உலக மேடைக்குக் கொண்டு போனார். தோளில் மாட்டிக்கொண்டு கரண்டியாலோ பாட்டில் திறப்பானாலோ உரசும் தகர மார்க்கவசத்தை, 'ஃப்ரோத்வார்' என்கிற அந்த வாத்தியத்தை, 1946-ல் அவர் யோசனைப்படி ஒரு உலோகத் தொழிலாளி செய்து கொடுத்தார். இப்படி ஆட்டத்துக்காகவே உண்டான இசையை நாற்காலியில் சாய்ந்து கேட்டால் பாதிதான் காதில் விழும்.

ஜிரார்ட் பூங்காவில் மேடைக்கு முன்னால் நாற்காலி வரிசை இல்லை, தரைதான். முதல் பாட்டிலேயே அது நிறைந்துவிடும். எண்பது வயதுக்காரர் பேத்தியுடன் வால்ட்ஸ் ஆடுகிறார். அவர்களுக்குப் பக்கத்தில் கல்லூரி மாணவர்கள். கேஜன் பாட்டுக்கு ஜோடிகள் தரையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், எல்லோரும் ஒரே திசையில், கடிகாரத்துக்கு எதிராக. ஸைடிகோ தொடங்கியதும் நின்ற இடத்திலேயே முழங்காலைத் தளர்த்தி ஆடுவார்கள். இரண்டு சமூகம், இரண்டு நடை, ஒரே பூங்கா. மற்ற இரண்டு விழாக்களில் இந்த இரண்டும் இவ்வளவு நெருக்கமாக என் கண்ணில் படவில்லை. 2008-ல் விழாவின் பெயரிலேயே 'கிரியோல்' சேர்ந்தது எவ்வளவு நியாயம் என்பது அந்தத் தரையில் நின்றால் விளங்கும்.

இரண்டாவது முறை போனபோது நானும் மனைவியும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். எழுபது வயது இருக்கும் ஒரு அம்மையார் வந்து, ஒன்றும் கேட்காமல் என் மனைவியின் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். பாட்டின் எண்ணிக்கையைப் பிரெஞ்சிலேயே சொல்லிக் கொடுத்தார்: அன், தூ, த்ருவா. பள்ளியில் அந்த மொழி பேசியதற்காகத் தம் அம்மா அடி வாங்கியவர் என்று பிறகு சொன்னார். 1921-ல் மாநில அரசமைப்பு ஆங்கிலத்தையே பயிற்று மொழி ஆக்கியதன் விளைவு அது. மொழியைக் காக்க 1968-ல் கோடோஃபில் என்ற அரசு அமைப்பு வந்தது. அதன் துணையோடு, அப்போது இளைஞராக இருந்த பேரி ஆன்சலே 1974 மார்ச்சில் லாஃபயெட்டின் பிளாக்கம் அரங்கில் கேஜன் இசைக்கு ஒரு மரியாதைக் கச்சேரி நடத்தினார். கேஜன் ஃபிடில் கலைஞர் ட்யூயி பால்ஃபா, ஷெனியே எல்லோரும் வாசித்தார்கள். கொட்டும் மழையிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம். அதன் தொடர்ச்சிதான் இந்தப் பூங்கா விழா. அந்த அம்மையாரின் கை ஏன் அவ்வளவு உறுதியாக இருந்தது என்று இதையெல்லாம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. கெட்டியான சூப் போன்ற கம்போ, சோற்றின் மேல் ஊற்றும் குழம்பான எத்தூஃபே, சோறும் பன்றி இறைச்சியும் அடைத்த பூதான் எல்லாம் பூங்காவில் நன்றாகவே கிடைக்கும். 'கம்போ' என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வெண்டைக்காய் போட்ட கம்போவைத் தேடி வாங்குங்கள், கொழகொழப்பு நமக்குப் பழகியதுதானே. ஒரு சட்டிக்காரர் மாவையும் எண்ணெயையும் மணிக்கணக்கில் கிளறி எடுக்கும் கருமையான ரூ வேண்டுமென்றால் பிளாக்பாட்தான் மேல். சைவர்களுக்கு மூன்று இடமும் கஷ்டம். சிவப்பு பீன்ஸில்கூடப் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள், கையில் ஏதாவது கட்டிக்கொண்டும் போங்கள்.

தேதியைப் பார்த்துவிட்டு அறை எடுங்கள். அரிசி விழாவும் பூங்கா விழாவும் அக்டோபர் நடுவில் வருவதால் மிக அருகருகே விழலாம். லாஃபயெட்டில் அறை கிடைக்காவிட்டால் கால் மணி தூரத்தில் ப்ரோ பிரிட்ஜ் இருக்கிறது. ஒரு நாள்தான் முடியும் என்றால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போங்கள். பழைய காலணி ஒரு ஜோடி தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்: மேடைக்கு முன்னால் புல் தேய்ந்து மண் தெரியும், வெயிலில் புழுதி, மழையில் சேறு. என் மனைவியின் ஜோடி போன அக்டோபரிலிருந்து காரின் பின்பெட்டியிலேயே கிடக்கிறது, கழுவாமல்.