ஒரே நிரல், மூன்று வாசல்கள்: மென்பொருள் காப்புரிமையில் ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா

மோட்டார் பம்பின் அதிர்வை ஒரு சென்சார் அளக்கிறது. சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் நிரல், பேரிங் தேயப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சென்சாரும் சிப்பும் கடையில் கிடைப்பவை; புதுமை முழுக்க நிரலில்தான். இதற்குக் காப்புரிமை கேட்டு மூன்று அலுவலகங்களுக்குப் போனால் மூன்று வெவ்வேறு கேள்விகள் வரும்.

ஐரோப்பா

வாசல் அகலம், வடிகட்டி உள்ளே இருக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 52-ஆவது விதி, கணினி நிரலை 'நிரல் என்ற அளவில்' மட்டும் விலக்குகிறது. கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகத்தில், ஒரு கணினியைச் சேர்த்தாலே அந்தத் தடை விலகிவிடும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உண்மையான சோதனை அடுத்து வருகிறது: துறை அறிந்தவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா?

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு 2002-இல் தந்த கோம்விக் தீர்ப்பு (டி 641/00) இதற்கு அளவுகோல். ஒரே சிம் கார்டில் இரண்டு அடையாளங்கள் வைத்து, சொந்த அழைப்பின் செலவையும் அலுவலக அழைப்பின் செலவையும் பிரிக்கும் ஏற்பாடு அது. செலவைப் பிரிப்பது தொழில்நுட்பம் அல்ல. ஆகவே அதைப் பொறியாளர் கையில் கொடுத்த வேலையாக வைத்துக்கொண்டு, மீதியில் என்ன புதுமை என்று கேட்டார்கள். பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 2021-இல் அதே அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டுக் குழு தந்த ஜி 1/19 முடிவு, கணினி உருவகப்படுத்தலுக்கும் (சிமுலேஷன்) இதே சோதனைதான் என்றது. நம் பம்ப் நிரலுக்கு இது சாதகம்: உள்ளே போவது அதிர்வு, வெளியே வருவது இயந்திரத்தின் நிலை. அதே நிரல் பம்பின் வாடகையைக் கணக்கிட்டால் தேறாது.

அமெரிக்கா

2014-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு கேள்வி இரண்டு படியாகிவிட்டது. கிளெய்ம் வெறும் கருத்தாக்கமா? ஆம் என்றால், அதைத் தாண்டி ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா? 'கணினியில் செய்' என்பது சேர்க்கை ஆகாது. 2016-இல் என்ஃபிஷ் வழக்கில், தன்னைத்தானே குறிக்கும் தரவு அட்டவணை தப்பியது. கணினி இயங்கும் விதமே அதில் மேம்பட்டிருந்தது. இயந்திரக் கற்றலுக்கு 2025 ஏப்ரலில் ரிசென்டிவ் வழக்கில் கடிவாளம் விழுந்தது: பழைய மாடலைப் புதிய தரவில் பயன்படுத்துவது மட்டும் போதாது. 'பயிற்றுவித்த மாடல் தேய்மானத்தைக் கணிக்கிறது' என்று எழுதினால் நம் பம்பும் அங்கே விழும். மாடலை எப்படி மாற்றினீர்கள், அதனால் நினைவகமோ கணக்கீடோ எவ்வளவு குறைந்தது என்பதுதான் காப்பாற்றும்.

இந்தியா

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு நான்கைச் சேர்த்து விலக்குகிறது: கணித முறை, வணிக முறை, கணினி நிரல், அல்காரிதம். 'பெர் சே', அதாவது 'தன்னளவில்' என்ற தளர்வு நிரலுக்கு மட்டும் ஒட்டியிருக்கிறது. இந்த ஒரு சொல்லாட்சியால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. 2004-இல் அவசரச் சட்டம் மூலம் பிரிவைத் தளர்த்தப் பார்த்தார்கள். 2005 திருத்தச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. காப்புரிமை அலுவலகத்தின் 2016 வழிகாட்டுதல் புதிய வன்பொருள் இருந்தே தீரவேண்டும் என்றது. 2017-இல் அதுவும் போனது. 2019 டிசம்பரில் ஃபெரித் அலானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு இருந்தால் நிரல் சார்ந்தது என்பதற்காகவே மறுக்கக்கூடாது என்றது. வணிக முறைக்கு அந்தக் கருணை இல்லை: 2023-இல் ஓப்பன் டிவி வழக்கில் அதே நீதிமன்றம், அந்த விலக்கு முழுமையானது என்றது.

ஆகவே பம்ப் நிரலுக்கு இங்கேயும் வழி உண்டு. பெரும்பாலும் சறுக்கல் கிளெய்மின் வடிவத்தில்தான். 'கணினி நிரல் தயாரிப்பு' என்ற கிளெய்ம் ஐரோப்பாவில் சாதாரணம். அமெரிக்காவில் 'நிலையான சேமிப்பு ஊடகம்' என்று எழுதினால் ஏற்பார்கள். இந்தியாவில் இரண்டுக்குமே 3(கே) ஆட்சேபம் வரும். இங்கே சென்சார், செயலி, நினைவகம் எல்லாம் சேர்ந்து இயங்கும் சாதனமாகவும், அது செய்யும் முறையாகவும் எழுதுங்கள்.

இன்னொரு பொறி: பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஐரோப்பாவில் முதல்நாள் ஆவணத்தில் இல்லாத தகவலைச் சேர்க்க விடமாட்டார்கள். இந்தியாவில் 59-ஆவது பிரிவு இன்னும் இறுக்கம். திருத்திய கிளெய்ம், முதலில் போட்ட கிளெய்மின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல்நாளே அளவீடுகளை எழுதிவிடுங்கள்: பழைய முறைக்கு எத்தனை கிலோபைட், உங்கள் முறைக்கு எத்தனை, எந்தச் சிப்பில், எத்தனை மில்லிவினாடி. ஃபுளோசார்ட் மட்டும் வைத்த விண்ணப்பம் மூன்று இடங்களிலும் திணறும்.

எங்கே முதலில்?

இந்தியாவில் வசிப்பவருக்குத் தேர்வு குறைவு. 39-ஆவது பிரிவின்படி, வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் முன் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அல்லது படிவம் 25 மூலம் அனுமதி வாங்க வேண்டும். தவறினால் இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். செலவிலும் இந்தியாவே தொடங்க ஏற்ற இடம்: ஸ்டார்ட்அப்புக்கும் தனிநபருக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000. பெரிய நிறுவனத்துக்கு 8,000, 20,000. பத்து கிளெய்ம், முப்பது பக்கம் தாண்டினால் கூடுதல் கட்டணம். 12 மாதத்துக்குள் பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் சர்வதேச) விண்ணப்பம் போட்டால் அமெரிக்காவுக்கு 30 மாதம், ஐரோப்பாவுக்கு 31 மாதம் வரை முடிவைத் தள்ளிவைக்கலாம்.

நிரலைக் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் பொதுவில் ஏற்றிவிட்டீர்களா? அமெரிக்கா ஓராண்டு பொறுக்கும். ஐரோப்பாவில் கதை முடிந்தது. இந்தியாவில் சில குறுகிய விலக்குகள் தவிர அதே நிலைதான்.

காப்புரிமையே வேண்டாம் என்ற தேர்வு

நிரல் உங்கள் சர்வரில் மட்டும் ஓடி, வெளியே தெரிவது விடை மட்டும் என்றால் ரகசியமாக வைத்திருப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. போட்டியாளர் மீறினாலும் உங்களால் நிரூபிக்க முடியாது. காப்புரிமைக்கோ எல்லாவற்றையும் வெளியிட வேண்டும். வணிக ரகசியத்துக்கு இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை, ஒப்பந்தம்தான் துணை. வேலையை விட்டவர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவால் செல்லாது.

பதிப்புரிமை எழுதிய வரிகளைக் காக்கும், யோசனையை அல்ல. வேறு மொழியில் புதிதாக எழுதினால் தடுக்க வழியில்லை. ஃப்ரீலான்சரிடம் எழுதி வாங்கினால் உரிமை மாற்றம் எழுத்தில் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிப்புரிமைப் பதிவுக்கு மூல நிரலின் முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் கொடுக்க வேண்டும், எந்த வரியையும் மறைக்கக்கூடாது. ரகசியமாக வைக்க நினைத்த பகுதி அந்த இருபது பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சமர்ப்பியுங்கள்.