எங்க ஊர் வரியில ஒரு 'பி': மாவட்ட சென்சஸ் கையேடு ரிவ்யூ

சென்சஸ் வெப்சைட்ல ஃப்ரீயா கிடைக்குற மாவட்ட சென்சஸ் கையேடு பத்திதான் இந்த ரிவ்யூ. 2011 கணக்கெடுப்ப வச்சு போட்டது, மாவட்டத்துக்கு ஒண்ணு, ஏ பார்ட் பி பார்ட்னு ரெண்டு. நான் தென்காசிப் பக்கம், ஆனா தென்காசின்னு தேடுனா கிடைக்காது, 2019லதான தனி மாவட்டம் ஆச்சு, அதனால திருநெல்வேலியத்தான் டவுன்லோட் பண்ணணும்.

ஏ பார்ட்ல ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி. ஸ்கூல், குடிதண்ணி, பஸ், போஸ்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரின்னு கட்டம் கட்டமா இருக்கும். ஊர்ல இல்லாத வசதிக்கு ஒரு எழுத்து போட்டிருப்பாங்க, ஏ-ன்னா 5 கிலோமீட்டருக்குள்ள, பி-ன்னா 5ல இருந்து 10, சி-ன்னா 10க்கு மேல. துணை சுகாதார நிலையம் கட்டத்துல எங்க ஊருக்கு 'பி'. அத பார்த்ததும் எங்க அக்கா நிறைமாசத்துல வேகாத வெயில்ல ஆட்டோ பிடிச்சு ஊசி போட போனதுதான் கண்ணுக்குள்ள வந்துச்சு.

அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்து மே 1 கிராமசபைக்கு கொண்டு போனேன். எப்பவும் கேட்டா "பார்ப்போம்"னு முடிச்சிருவாங்க. இந்தத் தடவ அரசாங்கக் கணக்கையே வாசிச்சு, சமவெளியில 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்ங்கிற விதியையும் சொன்னேன், தீர்மான நோட்டுல ஏத்திட்டாங்க. கட்டடம் இன்னும் வரல, விடப்போறதில்ல.

பி பார்ட்ல யார் என்ன வேலைன்னு இருக்கு. வீட்டுத் தொழில் கட்டத்துலதான் எங்க பொம்பளைங்க சுத்துற பீடி வரணும், ஆனா எங்க ஊருக்கு போட்டிருக்க எண்ணிக்கை ரொம்ப கம்மி. அம்மாட்ட கேட்டேன், மடியில முறத்த வச்சு இலை வெட்டிக்கிட்டே சொல்லுது, "கணக்கெடுக்க வந்த டீச்சர் என்ன வேலைன்னு கேட்டாவ, சும்மா வீட்லதான் இருக்கேன்னு சொல்லிட்டேன்ல". நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துற கை அது, மனசு கேக்கல எனக்கு. 2027 கணக்கெடுப்புக்கு வர்றவங்கட்ட பீடி சுத்துறேன்னு தெளிவா சொல்லும்மான்னு இப்பவே சொல்லி வச்சிருக்கேன், தெருவுல மத்தவங்கட்டயும் சொல்லிட்டு வர்றேன்.

குறைன்னா, முழுக்க இங்கிலீஷ், கட்டத்துத் தலைப்பெல்லாம் சுருக்கிப் போட்ட பேரு. வருவாய் கிராமக் கணக்குதான் இருக்கு, குக்கிராமத்துக்கு தனியா கிடையாது. 2011க்கு அப்புறம் வந்த தெரு எதுவும் இதுல இல்ல.

5க்கு 4 ஸ்டார். பெரிய ஃபைல், கம்ப்யூட்டர்ல திறங்க, ஊர் பேர் ஸ்பெல்லிங்க மாத்தி மாத்தி தேடிப் பாருங்க.