தீ இல்லாத சூளை: மேல்மூடி மின்சூளை வாங்கலாமா?

தீச்செங்கல்லால் அடுக்கிய பலமுகத் தொட்டி, உள்சுவர்ப் பள்ளங்களில் சுருள்சுருளாகச் சூடேற்றும் மின்கம்பி, மேலே கீல் வைத்த மூடி, பக்கத்தில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர். மண்பாண்ட வேலையில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இந்த மேல்மூடி மின்சூளையைத்தான். பிஸ்க் (பூச்சில்லாத முதல் சூடு) சுடவும், 1220 டிகிரி செல்சியஸ் வரை கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு) சுடவும் தயங்காமல் வாங்கலாம். ஆனால் உச்சவரம்பு 1280 என்று எழுதியிருக்கும் சூளையை ஒவ்வொரு முறையும் 1280-க்கே ஏற்றினால் கம்பி சீக்கிரம் தேய்ந்துவிடும். அந்தச் சூடு அடிக்கடி வேண்டுமென்றால் 1300 ரகத்துக்குப் போங்கள்.

இதன் அருமை பழைய சூளைகளோடு ஒப்பிட்டால்தான் புரியும். திறந்தவெளியில் விறகும் வைக்கோலும் மூடிச் சுடும்போது தீ பானையை நேராகத் தொடுகிறது, சூடு குபீரென்று ஏறுகிறது. மணலோ உமியோ கலந்த சொரசொரப்பான மண்தான் அதைத் தாங்கும். அடுப்பு கீழே, பானை மேலே என்ற மேலிழுப்புச் சூளையில் அடிவரிசை முறுகிப்போகும், மேல்வரிசை அரைவேக்காடாக நிற்கும். சீனத்து டிராகன் சூளையும் ஜப்பானின் அனகாமாவும் சரிவில் படுத்துக் கிடப்பவை. அந்தச் சரிவே புகையை இழுத்துக்கொடுக்கும். பல அறைகள் கொண்ட நோபோரிகாமாவில் ஓர் அறையின் கழிவுச்சூடு அடுத்த அறையை வாட்டிவைக்கும். கீழிழுப்புச் சூளையில் தீ தடுப்புச்சுவர் மீதேறி, கூரையில் மோதி, பானைகளுக்கு நடுவே இறங்கி, தரைத்துளை வழியாகப் புகைபோக்கிக்குப் போகும். தீ எவ்வளவு சுற்றிப் போகிறதோ அவ்வளவு சீராக வேகும்.

மின்சூளையில் தீயே கிடையாது. கரியும் புகையும் இல்லை, சாம்பல் படியாது, சூடு சொன்னபடி ஏறும். ஆனால் தீயோடு காற்றோட்டமும் போய்விட்டது. இந்தச் சூளையில் வரும் குறைகளில் பாதிக்குக் காரணம் அதுதான்.

பச்சைப் பானையை அடுக்கியதும் 90 டிகிரியில் நிறுத்தி வாட்டுங்கள். மெல்லிய கிண்ணத்துக்கு மூன்று மணி நேரம் போதும், தடித்த சிலைக்கு ஓர் இரவு வேண்டும். ஈரம் போய்விட்டதா என்று பார்க்க, சூளையின் மேல் காற்றுத்துளை அருகே ஒரு குளிர்ந்த கண்ணாடியைப் பிடித்தால் போதும். பனி படிந்தால் தண்ணீர் இன்னும் மிச்சமிருக்கிறது. அவசரப்பட்டு 100-ஐத் தாண்டினால் நீராவி பானையைச் சிதறடிக்கும். பிறகு 600 வரை மணிக்கு 60 முதல் 80 டிகிரி போதும். மண்ணோடு வேதியாகப் பிணைந்த நீர் வெளியேறுவதும், 573-இல் குவார்ட்ஸ் சட்டென்று விரிவதும் இந்தக் கட்டத்தில்தான்.

அதற்குப் பிறகு 700-லிருந்து 900 வரைதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். மண்ணிலுள்ள கரிமம் எரிந்து போக ஆக்சிஜன் வேண்டும். துளைகளை அடைத்துவிட்டு வேகமாக ஏற்றினால் கரிமம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படிச் சுட்ட பானையை உடைத்துப் பாருங்கள்: இருபுறமும் செம்மை, நடுவில் பென்சில் கோடு போலக் கறுப்பு. அதே பானை கிளேஸ் சூட்டுக்குப் போனால் கொப்புளமும் ஊசித்துளையும் வரும். குற்றம் பிஸ்க்கில் இருக்க, பழியைக் கிளேஸ் மீது போடுகிறோம். சூளையோடு வெளிக்காற்று இழுக்கும் விசிறியையும் சேர்த்து வாங்குவதே நல்லது. இல்லையென்றால் 900 வரை மேல்துளையைத் திறந்தே வையுங்கள்.

கன்ட்ரோலர் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சூட்டை அளக்கும் உணரியான தெர்மோகப்பிளில் கே வகையை 1200-க்கு மேல் தொடர்ந்து வைத்தால் அதன் கணக்கு மெல்ல விலகும். பிளாட்டினம் கலந்த எஸ் வகை விலை கூடினாலும் நெடுநாள் உழைக்கும். எதுவானாலும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு கோன் வையுங்கள். ஹெர்மன் செகர் 1886-இல் கொண்டுவந்த அந்தச் சிறு கூம்பு குறித்த சூட்டில் இளகி வளையும்; அது சூட்டை மட்டுமல்ல, சூடு நின்ற நேரத்தையும் சேர்த்துச் சொல்லும். மேல்தட்டில் கோன் படுத்து, அடித்தட்டில் நிமிர்ந்தே நின்றால் உங்கள் சூளையின் அடிப்பகுதி குளிர்ச்சி. மூன்று மண்டலமாகத் தனித்தனியே கட்டுப்படுத்தும் மாடலில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். கூடுதல் பணத்துக்குத் தகுந்த வசதி என்று உறுதியாகச் சொல்லலாம்.

ரிடக்‌ஷன் (ஆக்சிஜனைக் குறைத்துச் சுடுதல்) சூட்டுக்கு இதை வாங்காதீர்கள். கம்பி மேல் உருவாகும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலம்தான் அதற்குக் கவசம். ஆக்சிஜன் இல்லாத சூட்டில் அந்தக் கவசம் தேயும். புதுக் கம்பி மாட்டியதும் காலியாகவே ஒருமுறை 1050 வரை ஏற்றுவது இந்தப் படலம் உருவாகத்தான்.

கம்பி பழசாக ஆக மின்தடை கூடும், சக்தி குறையும். தடை 10 சதவீதம் ஏறினால் சக்தி ஏறக்குறைய 9 சதவீதம் இறங்கும். கடைசி 50 டிகிரிக்குச் சூளை திணறினால் மீட்டர் வைத்து அளந்து, எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக மாற்றுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். சூடு கண்ட பழைய கம்பி கண்ணாடி மாதிரி நொறுங்கும். இழுத்தால் பள்ளத்துச் செங்கல்லும் சேர்ந்து பெயரும். பிடிவாதமாக நிற்கும் துண்டைத் தீ உமிழும் டார்ச்சால் சூடேற்றி வளைத்து எடுங்கள்.