அக்காவின் பாதி மாத்திரை அட்டை

சிங்கப்பூரிலிருந்து இந்தத் தடவை மதுரைக்குப் போனது கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இல்லை. அக்காவின் விரல்களுக்காகப் போனேன். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து இரண்டு வருடமாக லெட்ரோசோல் சாப்பிடுகிறாள், தினம் ஒன்று, 2.5 மில்லிகிராம். காலையில் விரலை மடக்க முடியவில்லை, தோசைக்கரண்டி நழுவுகிறது. ‘வயசாச்சுல்ல’ என்றே போனில் சொல்லிவந்தாள். வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையைப் பார்த்தால் பாதி அப்படியே இருக்கிறது.

சரி என்று, வழக்கமாகக் காட்டும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடப் பேச்சு: ‘மாத்திரையை நிறுத்தாதீங்க.’ சொன்னதில் தப்பில்லை. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுத்து, நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கிற மருந்து அது. பொதுவாக ஐந்து வருடமாவது சாப்பிட வேண்டும். ஆனால் ஏன் விட்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் வேறொரு பெண் டாக்டரிடம் போனோம். ‘காலையில விரல் விறைப்பு எத்தனை நிமிஷம் இருக்கும்?’ என்றுதான் ஆரம்பித்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த வகை மாத்திரைக்கு மூட்டுவலி சகஜமாம். தன் மேற்பார்வையில் சில வாரம் நிறுத்திப் பார்த்து, அதே வகையில் வேறொன்றுக்கு மாறலாம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வதுண்டு என்றார். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் அன்றைக்கே எடுத்தாயிற்று, சாயங்காலம் ரிப்போர்ட் கையில். இந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 1.8. மைனஸ் 2.5-ஐத் தொட்டால்தான் எலும்புப்புரை, அக்கா பாதி வழியில் நிற்கிறாள். கால்சியம், வைட்டமின் டி எழுதினார். வலிக்கும் எலும்புக்கும் சேர்த்து, வாரம் 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் எடைப் பயிற்சி. ‘எடைன்னா?’ என்று அக்கா மிரண்டாள். முதலில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதுமாம்.

திடீரென்று உடம்பு குப்பென்று எரிவதையும் விசாரித்தார். ராத்திரி காபியை விடச் சொன்னார். மே மாத மதுரையில் அது மாத்திரையா வெயிலா என்று எப்படிப் பிரிப்பது? எனக்கே வேர்த்துக் கொட்டியது.

கடைசியில் என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கால் மணி நேரம் ஆயிற்று. வரும் வழியில் அக்கா மருந்துக்கடையில் அந்தரங்க வறட்சிக்கு ஒரு ஜெல் வாங்கினாள். ‘ஹார்மோன் இல்லாததுதானே?’ என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். கடைக்காரர் நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். நான் ஆட்டோ பிடிக்கப் போவதுபோல் ரோட்டைப் பார்த்து நின்றேன்.